மேட்டுத் தெரு நீரை மறித்துக் கட்டலாமா?

வடசென்னையில், கொடுங்கையூருக்கும் மாதவரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், ஏறத்தாழ ஒன்றரை ஏக்கரில் 38 வீடுகள் கொண்ட சிறிய நகர் ஒன்றின் நலச்சங்கச் செயலாளர் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. யார், எந்தத் தெரு என்று தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டுக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

1996-இல் குடிவந்தபோது வீட்டுக்குள் போக மூன்று படி ஏற வேண்டியிருந்தது. சாலைக்கு மேல் சாலை போட்டுப் போட்டு, இப்போது தெருவிலிருந்து வீட்டுக்கு ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. நகரின் பின்புறம் ஓடிய சிறிய ஓடைதான் இத்தனை ஆண்டுகளாக மழைநீரைக் கால்வாயில் கொண்டுசேர்த்தது. சென்ற வைகாசியில், பின்மனையை வாங்கியவர் அந்த ஓடையை மறித்து மதில் எழுப்பிவிட்டார். மேற்கே உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு மூன்றாண்டுகளாகத் தன் தரைத்தளத்துக்குக் கீழே வாகனம் நிறுத்துமிடத்தில் தேங்கும் நீரை மோட்டார் வைத்து இவர்கள் தெருவில் இறைக்கிறது. பிரதான சாலையில் இரண்டாண்டுகளுக்கு முன் கட்டிய மழைநீர் வடிகாலின் மூடியோ தெருவைவிட முக்கால் அடி உயரம். எனவே, தெருமுனையில் ஒன்றரை அடிக்குக் கான்கிரீட் மேடு கட்டி வெளிநீரை மறிக்கலாமா? வீட்டுக்கு 15,000 ரூபாய் வசூலித்துச் சொந்தமாக வடிகால் வெட்டலாமா, தர மறுக்கும் ஒன்பது வீட்டாரைக் கட்டாயப்படுத்த முடியுமா? நகரின் சிறு பூங்காவை இடிபாட்டு மண் கொட்டி உயர்த்தலாமா? மாநகராட்சி மீது நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள அம்மா,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய புகைப்படங்களில் ஒன்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்துச் சுவரில் மறைந்த உங்கள் கணவர் பென்சிலால் இழுத்து வைத்த நான்கு கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிறிய எழுத்தில் ஆண்டு: 2005, 2015, 2021, 2023. கடைசிக் கோடு மின்விசிறிச் சுவிட்சுக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுகூட அந்த இடத்தை விட்டுவிட்டு அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். உங்களிடம் இருக்கும் ஆவணங்களிலேயே அதுதான் முதன்மையானது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், தேங்குநீர் வழக்குகளில் தோற்றுப்போனவற்றை எண்ணிப் பார்க்கும்போது குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. எந்த இடம் எந்த இடத்தைவிட எவ்வளவு தாழ்வு என்பதை யாரும் அளந்து எழுதி வைத்திருப்பதில்லை. நான் நடத்திய ஒரு வழக்கில், நீதிமன்றம் நியமித்த அட்வகேட் கமிஷனர் இடத்தைப் பார்வையிட வந்தது மே மாதம், உச்சிவெயிலில். தெருவில் சொட்டு நீர் கிடையாது. பிள்ளைகள் ஸ்டம்ப்புக்குப் பதில் மூன்று செங்கல்லை அடுக்கிக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நீர் தேங்கியதற்கான அடையாளம் இல்லை என்று அவர் எழுதினார். பார்த்ததைத்தானே அவர் எழுத முடியும்? மட்டம் எடுத்த வரைபடம் ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டியது என் பொறுப்பு. அன்று என்னிடம் அது இல்லை. உங்கள் விஷயத்தில் அந்தத் தவறு நேராதிருக்கட்டும்.

போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி

உங்கள் நான்கு கேள்விகளுக்கும் போகும் முன், கடிதத்தின் கடைசியில் இருக்கும் ஒரு வரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒவ்வோர் ஐப்பசியிலும் ஓர் ஆளுக்கு 800 ரூபாய் கொடுத்து வடிகாலுக்குள் இறங்கி அடைப்பெடுக்கச் சொல்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இனி ஒருமுறைகூட அதைச் செய்யாதீர்கள். பெயர் மழைநீர் வடிகால் என்றாலும், அதில் கழிவுநீர் கலந்து நாறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூடிக் கிடந்த அப்படிப்பட்ட குழிக்குள் நச்சுவாயு தங்கியிருந்தால், இறங்கியவருக்கு மேலேறி வர அவகாசம் இருக்காது. கழிவுநீர்க் குழாயிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதுகாப்பு ஏற்பாடின்றி ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு தடுக்கிறது. முதல் முறை மீறினாலே இரண்டாண்டுவரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இது வடிகால்தானே, சாக்கடை இல்லையே என்று பிறகு வாதாடலாம் என்று யாராவது சொன்னால், அந்த வாதத்தை நம்பி ஓர் உயிரை உள்ளே அனுப்ப முடியாது என்று சொல்லிவிடுங்கள். மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்கு அழைத்து, புகார் எண் வாங்கி, இயந்திரம் வந்து தூர்வாரும்வரை விடாமல் கேளுங்கள்.

மழை வலுக்கும்போது தெருப் பையன்கள் பாதாளச் சாக்கடையின் மூடியைத் தூக்கி வைத்துவிடுவதும் இதே வகைதான். முழங்கால் ஆழ நீருக்கடியில் திறந்து கிடக்கும் குழி, இரவில் பால் வாங்கப் போகிறவர் கண்ணுக்குத் தெரியாது. தவிரவும், கழிவுநீர்க் குழாய் மழைநீரைச் சுமக்கும் அளவில் போடப்பட்டதன்று. நீங்கள் உள்ளே விடும் மழைநீர் தாழ்வான வேறொரு வீட்டுக் கழிப்பறை வழியாகக் கழிவோடு சேர்ந்து மேலே வரும். பல வேளைகளில் அந்த வீடு உங்கள் நகரிலேயே இருக்கும். ஆறு வீடுகளில் மாடி மழைநீர்க் குழாயைச் சாக்கடையில் இணைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த இணைப்புகளைச் சங்கமே முன்நின்று துண்டிக்கட்டும். நீங்கள் மனு எடுத்துக்கொண்டு போகும் இடத்தில் அதிகாரி முதலில் சுட்டிக்காட்டப்போவது இதைத்தான்.

தெருமுனை மேடு

மேலிருந்து வரும் நீர் எங்களுடையது அன்று, எனவே மறிக்க எங்களுக்கு உரிமை உண்டு என்று உங்கள் செயற்குழு கருதுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் (வசதியுரிமை என்பது பிறர் நிலத்தின் மேல் ஒரு மனைக்கு உள்ள பயன்பாட்டு உரிமை) 7-ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: மேட்டு நிலத்தில் இயல்பாக ஊறும் நீரும் பெய்யும் மழையும், குறிப்பிட்ட வாய்க்கால் இல்லாமல் பரவி வரும்போது, அடுத்துள்ள பள்ள நிலத்துக்காரர் அது இயல்பாக ஓடிவர விட வேண்டும், அது மேட்டு நிலத்துக்காரரின் உரிமை. பள்ளத்தில் இருப்பவருக்கு இது கசப்பான செய்திதான். ஆனால் உங்களுக்கும் கீழே ஒரு தெரு இருக்கிறது, அவர்களும் நாளைக்கு ஒரு மேடு கட்டலாம் என்பதை நினைத்துப் பாருங்கள். அது போக, தெரு மாநகராட்சிக்குச் சொந்தமானது. அதன் குறுக்கே ஒன்றரை அடிக் கான்கிரீட் எழுப்புவது தனி மீறல். ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றுபோகும் நாளில், சங்கத் தீர்மானத்தில் கையெழுத்திட்டவர்கள்தாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தச் சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான பக்கமும் இருக்கிறது. பாதுகாப்பு இயல்பான ஓட்டத்துக்கு மட்டுமே. மோட்டார் வைத்து, குழாய் போட்டு, ஓரிடத்தில் திரட்டி உங்கள் வாசலில் கொட்டும் நீர் இயல்பான ஓட்டம் ஆகாது. அடுக்குமாடிக் குடியிருப்பார் செய்வது உங்களுக்கு எதிரான தொல்லை. தடையாணை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் நேரே நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள். சங்கத்துக்குச் சங்கம் என்ற முறையில், பதிவு செய்த விரைவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அவர்கள் குழாயை இன்னும் நாற்பதடி நீட்டினால் பிரதான சாலை வடிகாலிலேயே, அனுமதி பெற்று, விட முடியும் என்று உங்கள் கைப்பட வரைந்த படம் காட்டுகிறது. அந்தச் செலவில் ஒரு பங்கை உங்கள் சங்கம் ஏற்பதாகச் சொன்னால்கூட வழக்கைவிட மலிவுதான். ஆனால் எழுத்தில் ஆட்சேபிக்காமல் சும்மா இருந்துவிடக் கூடாது. வெளிப்படையாகவும் இடையறாமலும் இருபது ஆண்டுகள் அனுபவித்தால் அதுவே அவர்களுக்கு உரிமையாகிவிட வாய்ப்பிருக்கிறது. இப்போது மூன்று ஆண்டுதான் ஆகிறது.

ஓடையும் மதிலும்

உங்கள் கடிதத்தில் மிக அவசரமான விஷயம் இதுதான். நீங்களோ இதைக் கேள்வியாகவே கேட்கவில்லை. மதில் கட்டியவர் பட்டாவைக் காட்டினார், எனவே பேசி முடிந்தது என்று விட்டுவிட்டீர்கள். பட்டா காட்டியதாலேயே எதுவும் முடிந்துவிடாது. அந்த இடத்தின் நில அளவைப் படத்தையும் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் முதலில் வாங்குங்கள். ஓடை என்றோ வாய்க்கால் என்றோ புறம்போக்காக அதில் குறிப்பிருந்தால், எத்தனை பத்திரம் பதிந்திருந்தாலும் அது அவர் நிலமாகாது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்றக் கோரி வட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம்.

ஒருவேளை அந்த இடம் உண்மையிலேயே அவருடைய பட்டா நிலமாக இருந்தால்? அப்போதும் வழி இருக்கிறது. 1996 முதல் சென்ற வைகாசிவரை, இருபது ஆண்டுகளுக்கு மேலாக, உங்கள் மனைகளின் நீர் அந்த ஓடை வழியாகத் தடையின்றி, யாரிடமும் அனுமதி கேளாமல், ஊரறிய ஓடியிருக்கிறது. வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி இது நெடுங்கால அனுபவத்தால் வரும் வசதியுரிமை. ஆனால் இரண்டு கணக்குகளை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த இருபது ஆண்டு அனுபவம், வழக்குத் தொடுக்கும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் வந்து முடிந்ததாக இருக்க வேண்டும். மேலும், தடை எழுந்தது தெரிந்தும், எழுப்பியவர் யார் என்று தெரிந்தும், ஓராண்டு அதற்கு உடன்பட்டு இருந்துவிட்டால், அனுபவத்தை அறுத்த தடையாக அதைச் சட்டம் ஏற்றுக்கொள்ளும். இது மாசி மாதம். மதில் எழுந்து ஒன்பது மாதம் ஆகிவிட்டது. வாய்மொழியாகச் சண்டை போட்டோம் என்கிறீர்கள். அதற்கு எழுத்தில் சான்று வேண்டும்.

கொத்தனாரும் ஒரு டியூபும்

இனி, மட்டம். சர்வேயரை வைத்துக் கருவியில் எடுப்பது நல்லது. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே எடுத்துப் பாருங்கள். உங்கள் தெருவில் வேலை செய்யும் எந்தக் கொத்தனாரிடமும் ஐம்பதடி நீளத்துக்கு ஒளி ஊடுருவும் டியூப் இருக்கும். அதில் காற்றுக் குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, ஒரு முனையை உங்கள் வாசற்படியிலும் மறுமுனையை அடுத்த இடத்திலும் பிடித்தால் இரண்டு பக்கமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரைக்கு எத்தனை அங்குலம் என்று டேப்பால் அளந்து எழுதினால் போதும். இப்படியே தாவித் தாவி வாசற்படி, தெரு நடுவு, தெருமுனை, வடிகாலின் மூடி, வடிகாலின் அடித்தளம், ஓடையின் படுகை, கால்வாய்க் கரை என்று ஏழெட்டு இடங்களின் உயர வேறுபாட்டை ஒரே தாளில் கொண்டுவந்துவிடலாம். வடிகாலின் அடித்தளத்தை அளக்க யாரும் இறங்க வேண்டாம். மூடியின் இடுக்கு வழியே ஒரு கம்பை விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதில் உங்கள் இன்னொரு எண்ணமும் சோதனைக்கு வரும். மூடி தெருவைவிட முக்கால் அடி உயரமாக இருப்பதால் அந்த வடிகால் வீண் என்று எழுதியிருக்கிறீர்கள். மூடியின் உயரத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அது நடைபாதையாகவும் பயன்படுவதால் உயர்ந்துதான் இருக்கும். பார்க்க வேண்டியது அடித்தளத்தை. அது உங்கள் தெருமுனையைவிடத் தாழ்வாக இருந்தால், குறை வடிகாலில் இல்லை, நீர் உள்ளே போகும் திறப்பில்தான் இருக்கிறது. பக்கச் சுவரில் கம்பி வலையிட்ட திறப்பு ஒன்றும் வண்டல் படியும் தொட்டி ஒன்றும் வைத்தால் தீர்ந்துவிடும் வேலை. அடித்தளமே உயரமாக இருந்தால், எத்தனை மனு எழுதினாலும் நீர் மேலேறப் போவதில்லை; அப்போது பின்பக்க ஓடை ஒன்றுதான் உங்களுக்கு வழி, அதை மீட்பதில்தான் முழு பலத்தையும் செலுத்த வேண்டும். உங்கள் வழக்கின் திசையே அந்த ஓர் அளவைப் பொறுத்து மாறும்.

தெருவின் உயரமும் அளவில் வந்துவிடும். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் புதிதாகப் போடக் கூடாது என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் துறைகளுக்கு உத்தரவிட்டார். அதற்குப் பிறகு உங்கள் தெருவில் சாலை போட்டிருந்தால், ஒப்பந்தத்தில் சுரண்டும் வேலைக்கும் பணம் கணக்கிட்டிருக்கிறதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு முப்பது நாள். அந்தச் சட்டம் தாள்களை மட்டும் தருவதன்று. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியை எடுக்கவும்கூட உரிமை தருகிறது. அடுத்த முறை சாலை போட வரும்போது இது நினைவிருக்கட்டும். திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கத்து வடிகால்களில் பல, ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவி பெற்ற கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டத்தில் வருபவை. உங்கள் பிரதான சாலை வடிகால் அதில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். சேர்ந்தது என்றால், அத்திட்டத்துக்கென்றே உள்ள குறைதீர் அமைப்பிலும் முறையிடலாம்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லாம் சரியாக நடந்தாலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு பெய்த மழையைப் போன்ற ஒன்றில் உங்கள் தெருவில் நீர் நிற்கும். நம் பகுதித் தரை கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லை. நீர் போய்ச் சேரும் பக்கிங்காம் கால்வாயோ கடலின் ஏற்றவற்றத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவது. முகத்துவாரத்தில் கடல் ஏறி நிற்கும்போது கால்வாயும் நிரம்பி நிற்கும். எந்த வடிகாலும் அப்போது இறங்காது. எனவே மனுவில் நீரே தேங்கக் கூடாது என்று எழுதாதீர்கள். சாதாரண மழைக்குத் தேங்கக் கூடாது, பெருமழைக்குப் பிறகு இத்தனை மணி நேரத்துக்குள் வடிய வேண்டும் என்று எழுதுங்கள். அதிகாரியும் நீதிபதியும் பிடித்துக்கொள்ளக்கூடிய கோரிக்கை அது.

வீட்டுக்கு 15,000 ரூபாய்

தெருவில் நீங்களாக வடிகால் வெட்ட முடியாது. சாலை வெட்டவே மாநகராட்சி அனுமதி வேண்டும், அனுமதியின்றிக் கட்டியதைப் பிறகு பராமரிக்கும் கடமையும் அவர்களுக்கு இல்லை. மறுக்கும் ஒன்பது வீட்டாரைப் பொறுத்தவரை, அவர்கள் பதிவு பெற்ற உங்கள் சங்கத்தின் உறுப்பினர்களாக இருந்து, துணைவிதிகளில் சிறப்பு வசூலுக்கு இடமும் இருந்தால், பொதுக்குழுத் தீர்மானம் அவர்களைக் கட்டும். உறுப்பினர் அல்லாதவரைக் கட்டாது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு ஏற்று, வேலையும் முறைப்படி நடக்கும். பணம் திரட்டுவதென்றால் அந்த வழியில் திரட்டுங்கள்.

என்னைக் கேட்டால், அந்தப் பணத்தில் முதல் பங்கு மாடிக்குப் போக வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். உங்கள் ஒன்றரை ஏக்கரில் நூறு மில்லிமீட்டர் பெய்தால் ஏறத்தாழ ஆறு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஐம்பது வந்து உங்கள் தெருவில் கொட்டிவிட்டுப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு 600 சதுர அடி மொட்டை மாடி என்றால், 38 மாடிகளிலும் சேர்ந்து இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல், அதாவது மூன்றில் ஒரு பங்கு. அந்த நீர் தெருவுக்கு வராமலே சம்ப்பிலும் உறைகிணற்றிலும் இறங்கினால் தெருவின் சுமை அந்த அளவுக்குக் குறையும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். உங்கள் 38 வீட்டில் எத்தனையில் அது இன்னும் வேலை செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள், நான் கேட்டுச் சங்கடப்படுத்தவில்லை. திருவொற்றியூர்க் கடலோரம் மணற்பாங்கு, ஊற்றிய நீரைத் தரை குடித்துவிடும். உங்கள் பக்கம் களிமண் அதிகம், மூன்றடிக் குழியில் ஜல்லி போட்டு மூடினால் நீர் இறங்காது. மணற்படுகைவரை ஆழமான கிணறாக இருக்க வேண்டும். தெருவில் தேங்கிய நீரை மட்டும் அதில் விடவே கூடாது; கழிவு கலந்த நீர் எல்லோருடைய போர் நீரையும் கெடுத்துவிடும்.

பூங்காவை உயர்த்தும் யோசனையைக் கைவிடுங்கள். மனைப்பிரிவு வரைபடத்தில் பொதுவுக்கென்று விடப்பட்ட இடத்தில் இடிபாடு கொட்டச் சங்கத்துக்கு அதிகாரமில்லை என்பது ஒரு பக்கம். அதைவிட, உங்கள் நகரிலேயே நீர் தங்க மிச்சமிருக்கும் ஒரே பள்ளம் அது. 2,400 சதுர அடியை ஓரடி தாழ்த்தினால் ஏறத்தாழ 68,000 லிட்டர் தங்கும். பெருமழைக்கு அது போதாது. ஆறு லட்சத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான். ஆனால் சாதாரண மாலை மழைக்கு உங்கள் வாசலில் நீர் ஏறுவதற்கும் ஏறாததற்கும் அது வித்தியாசம் உண்டாக்கும். மாநகராட்சியின் பூங்காத் துறையிடம் தாழ்தளப் பூங்காவாக்கக் கேளுங்கள்.

வழக்கு எப்போது

1980-இல் ரத்லம் நகராட்சி வழக்கில், சாக்கடை வசதி செய்துதரப் பணமில்லை என்று நகராட்சி சொல்ல முடியாது என்று நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண அய்யர் தீர்ப்பளித்தார். அந்த வழக்கு தொடங்கியது பொதுத்தொல்லையை அகற்றக் கோரி நிர்வாக நடுவரிடம் கொடுத்த மனுவில். அதே அதிகாரம் இன்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் இருக்கிறது. எனவே அந்த நடுவர் அதிகாரம் உள்ள வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுப்பது, உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கேட்பது, துப்புரவு பொதுச்சேவை என்ற முறையில் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தை அணுகுவது என்று வழிகள் உள்ளன. மக்கள் நீதிமன்றத்தில் கட்டணம் இல்லை. நட்டஈட்டு வழக்கைத் தடுக்க மாட்டேன். ஆனால் யாருடைய எந்தச் செயலால் உங்கள் குளிர்சாதனப் பெட்டியும் கட்டிலும் பாழாயின என்று காட்ட வேண்டியது நீங்கள். பெருமழை, கடலேற்றம், அண்டை மதில், சாலை உயரம் என்று காரணம் நான்காகப் பிரியும்போது, மாநகராட்சியின் பங்கு மட்டும் எவ்வளவு என்று நிறுவுவது எளிதன்று. இழப்புக்கான ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். வேலை நடக்கக் கோருவதை முன்னால் வையுங்கள்.

வழக்குப் போட்டால்தான் வேலை நடக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். என் தொழிலுக்கு அது நல்ல செய்திதான். ஆனாலும், மட்டக் கணக்கும் தகவல் உரிமைப் பதிலும் வார்டின் ஏரியா சபையில் (பகுதி மக்கள் கூட்டத்தில்) எழுப்பிய கோரிக்கையின் நகலும் ஒரே கோப்பில் இருந்தால், உதவிப் பொறியாளர் மட்டத்திலேயே திறப்பு வேலை முடிந்துபோகும் வாய்ப்பு உண்டு. முடியாவிட்டால் அதே கோப்புதான் நீதிமன்றத்திலும் உங்கள் பக்கம் பேசும்.

மற்றவை காத்திருக்கும். மதில் விஷயம் காத்திருக்காது. வரும் வைகாசியோடு ஓராண்டு முடிகிறது. அதற்குள், பங்குனியிலேயே என்றால் இன்னும் நல்லது, ஓடையில் நீர் விட்டு வந்த வீட்டு உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் கையெழுத்திட்ட வழக்கறிஞர் அறிவிப்பு, சேர்ந்ததற்கான சான்றோடு, பதிவு செய்த விரைவுத் தபாலில் அந்த மனைக்காரருக்குப் போயிருக்க வேண்டும். நலச்சங்கத்தின் முத்திரை மட்டும் போதாது; வசதியுரிமை மனைக்கு உரியது, எனவே மனைக்காரர்கள்தாம் கையெழுத்திட வேண்டும். பணம் தர மறுத்த ஒன்பது வீட்டாரிடமும் இந்தக் கையெழுத்தைக் கேளுங்கள். இதற்குக் காசு இல்லை என்பதால் போடுவார்கள் என்றே நினைக்கிறேன்.